நாவில் நீரூறும்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை பூனை எழுதுகிறேன். வந்து மூன்று மாதம் ஆகிறது, உடம்புக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. இந்த ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? நான் கிளம்பிய அன்று உனக்குத் தொண்டை கட்டியிருந்ததே, குரல் திரும்பி வந்ததா, இல்லை இன்னும் தவளை மாதிரிதான் பேசுகிறாயா?

என் அறை மாடியில். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரைக் கையால் தொடலாம். ஆனால் கதவுக்குச் சாவி என்னிடம் இருக்கிறது அண்ணா. முப்பத்தெட்டு வயதில் முதல் முறையாக எனக்கென்று ஒரு சாவி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். சிரிக்காதே.

வேலை பிடித்திருக்கிறது. சூப்புப் பொடி, பிஸ்கட், ஜாம் எல்லாம் செய்கிற கம்பெனி. அட்டைப்பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சடிப்பதைத் தமிழிலும் அச்சடிக்க வேண்டும். அந்தத் தமிழை எழுதுவது நான். லேபிள் பிரிவில் நாங்கள் நான்கு பேர். மேனேஜர் எதைக் கொடுத்தாலும் நடுவில் இரண்டு கமா சேர்ப்பார். அதனால் அவருக்குப் பின்னால் எல்லோரும் கமா சார் என்பார்கள். ஒரு வருஷம் அவர் கையில் தேறினால்தான் வேலை நிரந்தரம்.

இப்போது புதிதாகத் தக்காளி சூப் வருகிறது. அட்டையில் ‘மவுத் வாட்டரிங்’ என்று ஒரு வார்த்தை. எனக்கு முன்னால் இருந்தவர் அதை ‘வாய்க்குத் தண்ணீர் பாய்ச்சும் சூப்’ என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாயை வயல் என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் ‘சுவையான’ என்று எழுதினேன். “அது டெலிஷஸ்மா. இது வேற, அது வேற” என்று கமா சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன வேறு என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அகராதி சொல்கிற அர்த்தம் புரிகிறது. எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை.

இருபது வருஷமாக ஆலைக் கேன்டீனில் நானூறு பேருக்குச் சமைத்துப் போடுகிறவன் நீ. உனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? யோசித்து எழுது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
பூனை


ஜனவரி 24

அன்புள்ள பூனைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சௌக்கியம். தொண்டை கொஞ்சம் சிணுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன், சளி என்றார், மாத்திரை கொடுத்திருக்கிறார். தவளைக்கு நல்ல குரல் வர வேண்டுமென்றால் நாள் பிடிக்கும்.

உன் வார்த்தைக்கு வருகிறேன். எனக்கு இங்கிலீஷ் ஏபிசிடியோடு சரி. ஆனால் நீ கேட்கிற சமாசாரம் தினமும் என் அடுப்பில் நடப்பது.

காலை பதினொரு மணிக்கு நான் வெங்காயத்தை எண்ணெயில் போடுவேன். ஐந்து நிமிஷத்தில் மணம் மெஷின் ஹாலுக்குப் போய்விடும். போர்மேன் ஓடி வருவார். “யோவ், கதவைச் சாத்திக்கிட்டு வதக்குய்யா. அத்தனை பேரும் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறானுங்க” என்பார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தொண்டைக்குழி ஒரு தரம் ஏறி இறங்கும். எச்சிலை விழுங்குகிறார். அந்த விழுங்கல்தான் உன் வார்த்தை.

சாப்பிட்டு முடித்தவன் அதைச் சொல்ல மாட்டான். முடித்தவன் ‘பிரமாதம்’ என்பான், ஏப்பம் விடுவான், பல் குத்துவான். அது உன் மேனேஜர் சொன்ன டெலிஷஸ். உன் வார்த்தை தட்டு கைக்கு வருவதற்கு முன்னால் இருக்கிற ஐந்து நிமிஷத்துக்கானது. பார்க்கிறோம், மோந்து பார்க்கிறோம், இன்னும் வாயில் வைக்கவில்லை. ஆனால் வாய்க்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. நாம் சொல்லாமலே அது தயாராகிவிடுகிறது. என்னைக் கேட்டால், சாப்பாட்டில் பாதி சுகம் அந்த ஐந்து நிமிஷம்தான்.

‘வாய் ஊறுது’ என்று சொல்வோம். ‘நாக்குல எச்சில் ஊறுது’ என்போம். இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்? அப்படியே எழுதிக் கொடு.

நேரத்துக்குச் சாப்பிடு. அண்ணி உன்னைக் கேட்டாள். ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கிப் போடச் சொன்னாள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? மாத்திரை வேலை செய்கிறதா? வெந்நீர் குடி. திரை வாங்கிவிட்டேன் என்று அண்ணியிடம் சொல். பச்சைத் திரை.

உன் கடிதத்தை அலுவலகத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். போர்மேன் வந்த இடத்தில் டைப்பிஸ்ட் அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். கமா சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உங்க அண்ணன் இங்க வேலைக்கு வருவாரா?” என்று கேட்டார்.

ஆனால் எச்சிலுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. “ஏம்மா, எச்சில்னு அட்டையில போட்டா எவன் வாங்குவான்? யாரோ குடிச்சு மிச்சம் வச்ச சூப்புன்னு நினைக்க மாட்டாங்க?” அவர் சொல்வதும் நியாயம்தான். ஆங்கிலத்துக்காரன் சாமர்த்தியசாலி, எச்சிலைத் தண்ணீர் என்று சொல்லித் தப்பித்துவிட்டான்.

நான் இன்னொரு கூத்தும் பண்ணினேன். விளம்பரத்துக்கு ‘நாவூறும் வாடிக்கையாளர்களே’ என்று எழுதிவிட்டேன். “அந்த வார்த்தை பண்டத்துக்குத்தான் பொருந்தும்மா, தின்னுறவனுக்கு இல்ல. இப்படிப் போட்டா நாம வாடிக்கையாளரைத் தின்னப் போறோம்னு ஆயிடும்” என்றார். பகல் முழுக்க என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

கடைசியில் ‘நாவில் நீரூறும் தக்காளி சூப்’ என்று முடிவானது. ஒரு கமாகூட இல்லை! மார்ச் கடைசியில் அச்சாகி வருகிறது. இந்த ஊரிலும் உன் ஊரிலும் கடை கடையாக அடுக்கி வைக்கப் போகிற பெட்டியில் என் தமிழ் இருக்கும், நினைத்துப் பார்.

அடுத்த வாரம் எலுமிச்சை ஊறுகாய் லேபிள். அதற்கும் உன்னிடம்தான் வருவேன். உடனே பதில் போடு.

உன் தங்கை,
பூனை


மார்ச் 28

அன்புள்ள பூனைக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் மூன்று கடிதங்களும் வந்தன. கேன்டீனில் அடுப்பு மாற்றுகிறார்கள், சுவரை இடித்துக் கட்டுகிறார்கள், ஒரே தூசி. பேனா எடுக்க நேரமில்லை.

நாங்கள் சௌக்கியம். நான் இளைத்துவிட்டதாக அண்ணி சொல்கிறாள். கேன்டீன் மூடிக் கிடக்கிறது, ஓசியில் தின்ன வழியில்லை, வேறென்ன?

ஊறுகாயைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிறகு எழுதுகிறேன்.

நீ அங்கே என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது. பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடாதே. எப்படி இருந்தது, சூடா, புளிப்பா, மொறுமொறுப்பா, தொண்டையில் எப்படி இறங்கியது என்று விவரமாக எழுது.

லீவு போட்டுக்கொண்டு இங்கே வருகிற யோசனை ஏதும் வேண்டாம். வருஷம் முடிகிறவரை ஒரு நாள்கூட விடாமல் வேலைக்குப் போ.

உன் அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை! அண்ணிக்காவது ஒரு கார்டு போடத் தெரியாதா? உடம்பைப் பார்த்துக்கொள். தூசியில் நிற்காதே.

நேற்று மத்தியானம் சாப்பிட்டதைச் சொல்கிறேன். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு அம்மாள் மீன் பொரிக்கிறாள். விரல் நீளத்து மீன். மாவும் மிளகும் உப்பும் தடவி, காய்கிற எண்ணெயில் விடுவாள். ஓரம் பழுப்பேறியதும் எடுத்துக் காகிதத்தில் போட்டு, அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தருவாள். காகிதம் கையைச் சுடும். வால் பக்கம் முறுக்கு மாதிரி நொறுங்கியது. நடுவில் வெள்ளையாக ஆவி பறந்தது. புளிப்பு முதலில் காதுக்குக் கீழே சுரீர் என்று இழுத்தது, அப்புறம்தான் மிளகு வந்தது. நின்றுகொண்டே ஏழு மீன் தின்றேன். உள்ளங்கையில் ஒட்டியிருந்த உப்பையும் விடவில்லை. இந்த விவரம் போதுமா?

இதோடு ஒரு பார்சல் வருகிறது. ஆறு பெட்டி சூப். இன்னும் கடைக்கே போகாத முதல் சரக்கு. முதலில் அட்டையைப் படி. பிறகு காய்ச்சிக் குடித்துவிட்டு நிஜத்தை எழுது. எனக்கு யார் நல்லது சொன்னாலும் மனசு ஆறாது, நீ சொன்னால்தான் சர்டிபிகேட்.

உன் தங்கை,
பூனை


ஏப்ரல் 25

அன்புள்ள பூனைக்கு,

இருவரும் நலம். பார்சல் வந்தது. அட்டையில் உன் எழுத்தைப் பார்த்ததும் அண்ணி அதைக் கத்தரித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள்.

அன்றைக்கே காய்ச்சினோம். உன் வார்த்தை பொய்யில்லை. கொதிக்கும்போதே வாய் ஊறிவிட்டது. நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். உப்பு கச்சிதம், புளிப்பு அளவு. பொடியில் செய்தது என்று சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். உன் கம்பெனிக்காரர்களிடம் நான் சொன்னதாகச் சொல்.

மீனைப் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். அடுத்த கடிதத்தில் வேறு ஏதாவது எழுது.

கேன்டீன் திறந்துவிட்டது. வேலைக்குப் போகிறேன்.

உன் அண்ணன்


மே 6

அண்ணா,

உன் கடிதம் வந்த மறுநாள் கம்பெனியில் ஒரே களேபரம். முதல் சரக்கு முழுவதையும் கடைகள் திருப்பி அனுப்பிவிட்டன. கலவை இயந்திரத்தில் யாரோ ஒரே சரக்குக்கு இரண்டு தடவை உப்பைக் கொட்டியிருக்கிறார்கள். கமா சார் ஒரு பெட்டியைப் பிரித்துக் காய்ச்சி எங்களுக்குக் கொடுத்தார். ஒரு வாய் வைத்தேன். உடனே ஓடிப்போய்த் துப்பினேன். கடல் தண்ணீர் தேவலை.

உனக்கு அனுப்பிய ஆறு பெட்டியும் அதே சரக்கு. பதிவேட்டில் சரக்கு எண்ணைப் பார்த்துவிட்டேன்.

‘உப்பு கச்சிதம்’ என்று எழுதியிருக்கிறாய். இரண்டு கிண்ணம் குடித்ததாக எழுதியிருக்கிறாய்.

முதலில் கோபம்தான் வந்தது. பிரித்துக்கூடப் பார்க்காமல் எனக்காக ஏதோ நாலு வரி எழுதிவிட்டாய் என்று நினைத்தேன். பிறகு உட்கார்ந்து உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துப் படித்தேன். நீ நானூறு பேருக்கான கொப்பரையில் ஒரு பிடி உப்பு கூடினால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தே சொல்லிவிடுகிறவன். பொய் எழுதுவதானால்கூட உப்பைப் பற்றிப் பொய் எழுத மாட்டாய். ஜனவரிக்குப் பிறகு நீ எழுதிய இரண்டு கடிதத்திலும், இந்தச் சூப்பைத் தவிர, நீ சாப்பிட்ட ஒரு பண்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. என்னைத்தான் எழுதச் சொல்கிறாய்.

உனக்கு என்ன ஆயிற்று?

பூனை


ஜூன் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். நீ மே மாதம் போட்ட கடிதமும், அதற்குப் பின் போட்ட நான்கு கடிதமும் வந்தன. அவர் எல்லாவற்றையும் படித்தார். தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். பதில் எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று சொல்லி இத்தனை நாள் ஓடிவிட்டது. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

தொண்டைக்கட்டு இல்லை அது. நாக்குக்கு அடியில் ஒரு கட்டி. ஜனவரி கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். சதையை எடுத்துப் பார்த்தார்கள், கெட்ட கட்டி என்று சொன்னார்கள். பிப்ரவரி, மார்ச் முழுக்கக் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சாம். முப்பத்து மூன்று நாள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்துவிட்டது. வாயெல்லாம் புண். அடுப்பு மாற்றுகிறார்கள், சுவர் இடிக்கிறார்கள் என்று உனக்கு எழுதியதெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது.

புண் ஆறியது. ஆனால் எச்சில் சுரப்பது நின்றுவிட்டது. கரண்டில் அந்தச் சுரப்பி கருகிவிட்டதாம். திரும்பி வருமா என்று கேட்டேன். “சில பேருக்குக் கொஞ்சம் வரும்மா, எதிர்பாக்காதீங்க” என்றார் டாக்டர். ருசியும் போய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு எதுவும் தெரியாது. மணம் மட்டும் தெரியும். அது இன்னும் கொடுமை. வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தால் முகம் மலர்கிறது. வாய் காய்ந்து கிடக்கிறது. ஒரு துண்டு ரொட்டிக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் குடிக்கிறார்.

உன் சூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். குற்றம் என்னுடையது. பார்சல் வந்த அன்று அவரே காய்ச்சினார். எனக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். “எனக்கு ஒண்ணும் தெரியல. நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு. உப்பு எப்படி இருக்கு?” என்றார். வாயில் வைக்க முடியவில்லை தங்கச்சி. ஆனால் அவர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு ஆவலை நான் பார்த்ததில்லை. “கச்சிதமா இருக்குங்க” என்றேன். “புளிப்பு?” என்றார். “அளவா இருக்கு” என்றேன். உடனே அவரும் இரண்டு கிண்ணம் குடித்தார். எழுதியது அவர் கை, ருசி என்னுடைய பொய். வாய் ஊறியது என்று எழுதியது மட்டும் அவருடையது.

உன் கடிதம் வந்த பிறகு அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

உன்னிடம் ஏன் மறைத்தோம் என்று கேட்பாய். உன் அப்பா படுத்த ஏழு வருஷமும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக் கிடந்தவள் நீ. கல்யாணத்துக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போயிற்று. “இன்னொரு கட்டிலுக்கு அவளைக் கூப்பிட மாட்டேன். தெரிஞ்சா ஓடி வந்துருவா, வேலை போயிரும். அவ கையில இப்பதான் ஒரு சாவி இருக்கு” என்று சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினார். அதை இன்றைக்கு மீறிவிட்டேன். உனக்குச் சொல்லாமல் தனியாகச் சுமக்க எனக்கு இனிமேல் தெம்பில்லை.

உன் அண்ணி


ஜூன் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியைத் திட்டாதே. திட்டினாய் என்று தெரிந்தால் நான் உன்னோடு பேச மாட்டேன். எழுதவும் மாட்டேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது. கடிதம் வந்த நாளிலிருந்து ஆபீசில் ஒரு வரியும் எழுத முடியவில்லை. என் மேசையில் அந்தச் சூப்பின் புது அட்டை கட்டுக்கட்டாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அந்த வார்த்தை. நீ சொல்லிக் கொடுத்தாய் அண்ணா, வாய் தானாகத் தயாராகிவிடும் என்று. அதை எழுதினபோதே உன் நாக்குக்கு அடியில் அது இருந்திருக்கிறது. நான் அதை வாசித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

நான் மீனைப் பற்றி எழுதியதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வருகிறேன். மூன்று நாள் லீவு. கமா சாரிடம் உள்ளதைச் சொல்லிக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். வேலையை விடப் போவதில்லை, பயப்படாதே. நாலாம் நாள் திரும்பிவிடுவேன். ஆனால் இனிமேல் எனக்குப் பொய் எழுதாதே. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அண்ணிக்குத் தெரிகிற அன்றைக்கே எனக்கும் தெரிய வேண்டும்.

உன் தங்கை


ஆகஸ்டு 30

அன்புள்ள பூனைக்கு,

நீ நலமாகத் திரும்பி, வேலையும் ஒழுங்காக நடக்கிறது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. என்னைப் பற்றி நிஜத்தை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நீ வந்திருந்தபோது என் எதிரே சாப்பிடத் தயங்கினாய். தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாய். நான் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? மீனைப் பற்றி எழுதியதற்கு நீ வருத்தப்பட்டாய். வேண்டாம். அந்தக் கடிதத்தைத்தான் நான் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்துப் படிப்பேன். எனக்குப் பசி இருக்கிறது, ஆசைதான் இல்லை. பசிக்கு என்னால் தண்ணீரோடு ரொட்டியைத் தள்ள முடிகிறது. ஆசையை யாராவது வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

கேன்டீனை விட்டுவிட்டேன். ஏன் என்று உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. ஏப்ரலில் திரும்பிப் போனபோது உதவிச் சமையல்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தேன். “நீங்க கரண்டியைப் பிடிங்க, நாக்கு என்னுது” என்றார் அவர். ஒரு மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள் அவர் மகளுக்குக் காய்ச்சல், வரவில்லை. உருளைக்கிழங்குக் குழம்பு. கையளவுதான் இத்தனை வருஷமாகத் தெரியுமே என்று நானே முடித்துப் பரிமாறச் சொன்னேன். உப்பே போடவில்லை. போட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நானூறு பேர் பூனை. ஒருத்தரும் கத்தவில்லை. அந்தப் போர்மேன் முதல் வாய் வைத்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அது கைக்குக் கை மாறிப் போயிற்று. அத்தனை பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியக்கூடாதென்று இருந்திருக்கிறார்கள். திட்டியிருந்தால் மறுநாளும் போயிருப்பேன். நான் கவிழ்த்து வைத்திருந்த அண்டாமேல் உட்கார்ந்துவிட்டேன். அன்றோடு சரி.

இப்போது அடுத்தது. போன வாரம் படம் எடுத்தார்கள். நெஞ்சில் இரண்டு இடத்தில் தெரிகிறது. மறுபடி கரண்ட் வைத்துப் பயனில்லை என்கிறார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டேன். டாக்டர் நல்ல மனுஷன், சுற்றி வளைக்கவில்லை. “இந்த வருஷத்தைத் தாண்டறது கஷ்டம்” என்றார்.

அண்ணிக்கு நேற்றுத் தெரிந்தது. உனக்கு இன்றைக்கு எழுதுகிறேன்.

அப்போது உனக்கு வராதே என்று எழுதினேன். பெரிய மனுஷத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா படுக்கையில் கிடந்தபோது கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாரே, அது எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. வேலையை விடாதே. ஆனால் எப்போதெல்லாம் வர முடியுமோ அப்போதெல்லாம் வா. வந்தால் நன்றாக இருக்கும்.

உன் அண்ணன்


நவம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

ஊருக்கு வந்து சேர்ந்தேன். அறையில் பூட்டைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, மற்றபடி ஒன்றுமில்லை. கமா சார் தினமும் என் மேசைப் பக்கம் வந்து எதையாவது கேட்டுவிட்டுப் போகிறார். அதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத கேள்விகள். ஆறுதல் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் நான் எடுத்த லீவை அவர் குறையாக எழுதவில்லையாம். வேலை நிரந்தரம் என்று தாள் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் போய்ச் சரியாகப் பதினாறாம் நாள்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

திரும்பி வருகிற வழியில் ரயில் ஒரு பெரிய ஸ்டேஷனில் அரை மணி நேரம் நின்றது. அண்ணனைக் கொண்டுபோன நாளிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, நீங்களும்தான். ஜன்னலுக்கு நேரே ஒருவர் ரொட்டியை வெண்ணெயில் போட்டு வாட்டிக்கொண்டிருந்தார். வெண்ணெய் உருகிப் பொரிகிற சத்தம் கேட்டது. பிறகு மணம் வந்தது. என் வாய் ஊறியது அண்ணி. நான் கேட்கவில்லை, நினைக்கக்கூட இல்லை, தானாக, வாய் நிறைய. எனக்கு அவ்வளவு அசிங்கமாக இருந்தது. அவன் போய் ஒன்பது நாள்கூட ஆகவில்லை. கடைசி மாதம் அவன் நாக்கை நனைக்க நீங்கள் பஞ்சைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து வைத்தீர்களே, அதுதான் கண்முன்னால் நின்றது. என் வாயில் மட்டும் இப்படி ஊறுகிறதே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எதிரில் இருந்த பெண்மணி எனக்குக் குமட்டுகிறது என்று நினைத்து இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் இறங்கிப் போய் வாங்கிச் சாப்பிட்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

அண்ணி, அங்கே தனியாக இருக்காதீர்கள். இந்த வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டுவிட்டேன், இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது, சரி என்றுவிட்டார். இருக்க முடிந்தவரை இருங்கள், பிடிக்காவிட்டால் திரும்பலாம். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு நான் ஸ்டேஷனில் நிற்கிறேன். அன்றைக்கு நான்தான் சமைக்கப் போகிறேன். எனக்குச் சமையல் வராது என்று உங்களுக்குத் தெரியும். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

உங்கள் தங்கச்சி